வியாழக்கிழமை இரண்டு மணி லைன்

போன மாதம் ஒரு நோட்டீஸ் என் கைக்கு வந்தது. மாத்தளை மாவட்டத்துப் பிள்ளைகள் இனி ஊரில் இருந்தபடியே போனில் மனநல டொக்டரோடு பேசலாமாம். 'முதன்முறையாக' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைக் கொண்டுவந்த இளைஞர்கள் மரியாதையான பிள்ளைகள்தான். "அன்ட்டி, நீங்க ஆஸ்பத்திரி டெலிபோன்ல முப்பது வருஷம் இருந்தவங்கதானே, இனிமையான அனுபவம் ஏதாச்சும் எழுதித் தாங்க, தொடக்க விழா மலர்ல போடுறோம்" என்று கேட்டுவிட்டு, ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டுப் போனார்கள்.

இனிமையாம். எழுதுகிறேன். ஆனால் அவர்கள் கேட்ட மாதிரி இருக்காது. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் எழுபதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். ஆறு வாரப் பயிற்சி. அதில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. டெலிபோன் போர்டில் எந்த விளக்கு எரிந்தால் எந்தத் துளையில் கயிற்றைக் குத்துவது, யாரோடு எப்படிப் பேசுவது, ஒட்டுக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். பெண்பிள்ளை உத்தியோகத்துக்குப் போவது வாப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "முகம் தெரியாத வேலதானேங்க" என்று உம்மா சொல்லித்தான் சமாளித்தார். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் சிங்களம், பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் என்று மூன்று பாஷையும் வாயில் இருந்ததால் டொக்டர்மார் என்னைத் தேடி வருவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. அந்தத் தலைக்கனத்துக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரைக்கும் டொக்டர் மாலினி மாதம் ஒருமுறை கண்டியிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். பிள்ளைகளின் மனநோய்க்குப் படித்தவர். சிங்களப் பெண்மணி, குரல் மெல்லிசு, பிடிவாதம் மட்டும் கல்லு. யுத்தம் கடுமையாக ஆக, வாகனம் இல்லை என்றார்கள், பிறகு ஆள் இல்லை என்றார்கள், பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. அவர் வருவது நின்றுபோனது. ஆனால் பிள்ளைகள் வருவது நிற்கவில்லை. எல்கடுவ, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் நாவுலயிலிருந்தும் தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து, டொக்டர் இல்லை என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

கண்டிக்குப் போகலாமே என்று கேட்கலாம். வரைபடத்தில் பார்த்தால் கண்டி பக்கம்தான். ஆனால் தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கிற பாதிப் பேருக்கு அடையாள அட்டை கிடையாது. செக் பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்குவார்கள். அட்டை இல்லாத தாயை ஓரமாக நிறுத்திவைப்பார்கள். பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். பயத்துக்கு மருந்து வாங்கப் போன பிள்ளை, வழியில் இன்னும் கொஞ்சம் பயத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்.

ஒரு நாள் டொக்டர் மாலினியே கண்டியிலிருந்து போன் எடுத்தார். "பரீதா, நான் வர முடியாது. அந்தப் பிள்ளைகளும் வர முடியாது. லைன் வரலாம்தானே?" என்று கேட்டார். அப்படித்தான் தொடங்கியது. கமிட்டியும் இல்லை, நோட்டீஸும் இல்லை. வியாழக்கிழமை இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை அந்த லைன் பிள்ளைகளுக்கு.

அதை எப்படிச் செய்தோம் என்பதைச் சரியாக எழுதிவைக்க விரும்புகிறேன், ஏனென்றால் யாரும் எழுதவில்லை. வெளிநோயாளர் பகுதியின் கடைசியில் உடைந்த நிறுவைத் தராசுகள் போட்டுவைத்த ஒரு அறை இருந்தது. அதில் ஒரு போன். பிள்ளையைச் சுவரைப் பார்த்து உட்கார வைக்கக் கூடாது, ஜன்னலைப் பார்த்து உட்கார வைக்க வேண்டும். தாய் அறைக்குள் இருக்கலாம், பிள்ளைக்கு முன்னால் இருக்கக் கூடாது. போனை எடுத்து யாரும் பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது. டொக்டர் கண்டியிலிருந்து எடுப்பார், நான் போர்டிலிருந்து அந்த அறைக்கு மணி அடிப்பேன், பிள்ளையே ரிசீவரைத் தூக்க வேண்டும். "தனக்கு ஒரு போன் வந்திருக்கு என்று அந்தப் பிள்ளைக்கு முதலில் தெரியட்டும்" என்பார் டொக்டர். நானும் கூடவே பேசுவதற்குப் போர்டில் உள்ள பேசும் சாவியைத் திறந்தே வைத்திருப்பேன். பிள்ளை தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும், டொக்டர் சிங்களத்தில் கேட்பதைத் தமிழிலும் நடுவில் இருந்து சொல்வேன். முதலில் நித்திரை, பிறகு சாப்பாடு, பிறகு விளையாட்டு, கடைசியில்தான் பயம். எத்தனையோ பிள்ளைகள் வாய் திறந்தார்கள். நாலு மாதம் அழகாக நடந்தது.

எங்கள் பிரதம லிகிதர் கனகரத்தினம், ஆஸ்பத்திரிக் கந்தோர் முழுக்க அவர் கையில். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டியில் வேர்வைக்கு மடித்துவைத்த லேஞ்சி, பையில் மூன்று பேனை. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடியும் வரை நாம் நிற்க வேண்டும். எந்த விண்ணப்பத்துக்கும் அவருடைய பதில் "பார்ப்பம்". பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே போகிற, உள்ளே வருகிற ஒவ்வொரு அழைப்பையும் ஒரு ரெஜிஸ்டரில் எழுத வேண்டும்: யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, என்ன விஷயம். அந்த ரெஜிஸ்டரை ஒவ்வொரு நாளும் பின்னேரம் வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

ஒரு திங்கட்கிழமை யாரோ ஒரு பொலிஸ்காரர் போன் எடுத்து, வியாழக்கிழமைகளில் இங்கிருந்து கண்டிக்குத் தமிழில் பேசுவது யார் என்று கேட்டார். பிள்ளைகளின் கிளினிக் என்று நானே சொன்னேன். சரி என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. நான் அதை ரெஜிஸ்டரில் எழுதினேன். அதுதான் பிழை.

மறுநாள் காலை கனகரத்தினம் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியைத் துடைத்து முடித்தார்.

"பிள்ளை, இனிமேல் லைனிலை தமிழ் வேண்டாம்."

"சேர், பிள்ளைகளுக்குத் தமிழ் மட்டும்தானே தெரியும்?"

"அறைக்குள்ளை தமிழிலை கதையும். கம்பியிலை சிங்களம் மட்டும் போகட்டும். விளங்குதோ? அவங்கள் வந்து கேட்டால் ஆர் பதில் சொல்லுறது? நீரோ?"

மேலிடம் சொல்லவில்லை, பொலிஸ் சொல்லவில்லை. அவரே நினைத்து, அவரே டைப் அடித்து, அவரே கையெழுத்துப் போட்டார். எண்பத்து மூன்று கலவரத்தில் மாத்தளை எரிந்தபோது அவர் வீடும் எரிந்தது என்று எனக்குத் தெரியும். பயந்தவர்தான். அந்த நாளில் பயப்படாதவர் யார்? நாங்கள் எல்லாரும் எங்கள் பயத்தை வீட்டில் வைத்துக்கொண்டோம். அவர் தன் பயத்தைச் சுற்றறிக்கை ஆக்கினார். அதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு போர்டில் ஒரு அட்டெண்டனை உட்கார வைத்துவிட்டு நான் அறைக்குப் போவேன். ரிசீவரை நானே எடுப்பேன். வாய்ப்பக்கத்தைக் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு பிள்ளையிடம் தமிழில் கேட்பேன். பிள்ளை சொன்னதும் கையை எடுத்துவிட்டு டொக்டரிடம் சிங்களத்தில் சொல்வேன். டொக்டருக்குப் பிள்ளையின் குரலே கேட்காது, பிள்ளைக்கும் டொக்டரின் குரல் கேட்காது. இரண்டு பேருக்கும் நடுவில் என் உள்ளங்கை. டொக்டர் எதிர்த்தார். "இப்படியாவது நடக்கட்டும் மிஸ்" என்று நான்தான் சமாதானம் சொன்னேன். நன்றாகத்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

யோகா வந்தது அப்போதுதான். எல்கடுவைக்கு மேலே உள்ள ஒரு தோட்டம். பதினொரு வயது. கூட வந்தது அவளுடைய அம்மா மாரியாயி, கொழுந்து எடுப்பவர். கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்ற மகன் லீவில் வீட்டுக்கு வந்திருந்தபோது, பட்டப்பகலில் பாதுகாப்புப் படை ஆட்கள் வந்து சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அட்டை இல்லாத பதினேழு வயதுப் பையன். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. அன்றிலிருந்து யோகா பள்ளிக்கூடத்தில் வாய் திறப்பதில்லை. வாகனச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள்.

அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நித்திரை, சாப்பாடு, விளையாட்டு எல்லாம் கேட்டு முடிந்தது. தலையாட்டல்தான் பதில். அப்போது டொக்டர், "பரீதா, செத்துப்போனால் நல்லது என்று நினைக்கிறாளா என்று கேளுங்கள். அதே சொல்லில் கேளுங்கள்" என்றார்.

ஒரு பச்சைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? எங்கள் வீடுகளில் கோபத்தில் அந்தச் சொல் வந்துவிட்டால் தாய் தன் வாயிலேயே அடித்துக்கொள்வாள். சொன்னால் பலித்துவிடும் என்ற பயம். படித்தவளாம், மூன்று பாஷை தெரிந்தவளாம், அந்தப் பயம் எனக்கும் இருந்தது. கையால் போனை இறுக்கிப் பொத்திக்கொண்டு, "மனசுக்குக் கஷ்டமா இருக்காம்மா?" என்று கேட்டேன். யோகா இல்லை என்று தலையாட்டினாள். கையை எடுத்து, "இல்லையாம் மிஸ்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

டொக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் 'இல்லை' என்று கண்டியில் டொக்டரின் குறிப்பேட்டில் எழுதப்பட்டது. அந்தக் கேள்வியைப் பிள்ளையிடம் யாரும் கேட்கவே இல்லை. என் கை பொத்தியிருந்ததால் டொக்டருக்கு அது தெரிய வழியும் இல்லை. இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

பத்தாம் நாள் தோட்டத்து லொறியில் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் என்ன செய்தாள் என்பதை இங்கே எழுதமாட்டேன். பிழைத்துக்கொண்டாள். அல்லாஹ் காப்பாற்றினான், வாட்டில் இருந்த நர்ஸ்மாரும் நன்றாகப் பார்த்தார்கள்.

வாட்டு வாசலில் மாரியாயியைக் கண்டேன். அழவில்லை. என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

"ஒரு மாசமா என்கிட்ட சொல்லிக்கிட்டேதாங்க இருந்தா மிஸி, செத்துப் போறேன் செத்துப் போறேன்னு. நீங்க கேட்டிருந்தா உங்ககிட்டயும் சொல்லியிருப்பா."

"நீங்க ஏன்மா எனக்குச் சொல்லல்ல?"

"ஆஸ்பத்திரியில கேக்காதத சொன்னா ஏசுவாங்களே. நீங்க கேப்பீங்க கேப்பீங்கன்னுதான் பின்னாடி ஒக்காந்திருந்தேன்."

அன்றைக்கே டொக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். நீங்கள் சொன்ன கேள்வியை நான் கேட்கவில்லை, வேறு ஒன்றைக் கேட்டேன் என்று. டொக்டர் சொன்னார்: "கேட்பதால் அந்த எண்ணம் பிள்ளைக்கு வருவதில்லை, பரீதா. ஏற்கனவே இருக்கிறது. நாம் கேட்காவிட்டால் அதோடு அவள் தனியாக இருக்கிறாள்." அவர் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "அடுத்த வியாழன் ரிசீவரை அவள்தான் தூக்க வேண்டும். அவள் குரல் எனக்குக் கேட்க வேண்டும். தமிழில்."

கனகரத்தினத்திடம் போனேன். விஷயத்தை முழுக்கச் சொன்னேன். ஒரு பிள்ளை சாகப் பார்த்தது என்று சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார்.

"பார்ப்பம்" என்றார்.

பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, வியாழக்கிழமை நான் போர்டிலேயே இருந்தேன். யோகாவை வாட்டிலிருந்து மாரியாயி அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு மணிக்குக் கண்டி விளக்கு எரிந்தது. அறைக்கு மணி அடித்தேன். ஐந்து முறை அடித்தது. ஆறாவது மணிக்கு யோகா தூக்கினாள்.

டொக்டர் யாரிடமோ கேட்டு ஒரு தமிழ் வசனம் பாடமாக்கி வைத்திருந்தார். "யோகா, நான் கேட்டுக்கொண்டு இருக்கிறேன்." உச்சரிப்பு எல்லாம் கோணல். பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் சொன்னார். நான் அந்தச் சொல்லை அப்படியே யோகாவிடம் கேட்டேன். என் வாய் எரிந்தது.

"ஆமாங்க" என்றாள். "இப்பவும் சில நேரம் வருதுங்க."

அவ்வளவு நாளும் எங்களிடம் வாய் திறக்காத பிள்ளை. சின்னக் குரல், தெளிவான குரல். அப்படியே சிங்களத்தில் சொன்னேன். ஏன் என்று டொக்டர் கேட்டார். யோகா பேசத் தொடங்கினாள். "அண்ணன் கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. தொறக்காத தொறக்காதன்னு சொல்லுச்சு. வெளிய ஒருத்தங்க தமிழ்ல தங்கச்சின்னு கூப்டாங்க…"

எனக்குப் பின்னால் கனகரத்தினம் நின்றதை நான் அப்போதுதான் கண்டேன். கையை நீட்டினார், கயிற்றைப் பிடுங்கினார். கண்டி விளக்கு அணைந்தது.

"பிடிச்சுக்கொண்டு போனதுகளை எல்லாம் லைனிலை கதைக்கிறீரோ? என்னையும் கொண்டுபோகட்டும் எண்டோ?" கண்ணாடியைத் துடைக்கவும் மறந்திருந்தார். அதைக் கண்டு எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதல்முறையாக ஒரு மேலதிகாரியைத் தோளில் இடித்துத் தள்ளிக்கொண்டு அந்த அறைக்கு ஓடினேன்.

யோகா ரிசீவரைக் காதில் வைத்தபடி பேசிக்கொண்டிருந்தாள். லைன் செத்தது அவளுக்குத் தெரியாது. கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது: "நான்தாங்க கதவத் தொறந்தேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "டொக்டரம்மா என்னங்க சொல்றாங்க?"

டொக்டர் கேட்டார், உன் பிழை இல்லை என்று சொன்னார் என்று நான் ஒரு நல்ல பொய் சொல்லியிருக்கலாம். அவ்வளவு நாளும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

"லைன் அறுந்துபோச்சும்மா. அவங்களுக்கு அது கேக்கல்ல. திரும்பவும் சொல்லணும்."

அவள் கண்ணீர் விடவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "அப்ப எடுத்துக் குடுங்க மிஸி" என்றாள்.

போர்டுக்குத் திரும்பி வந்தபோது கனகரத்தினம் அங்கே இல்லை. கடிதம் எழுதப் போயிருந்தார். கண்டியை எடுத்தேன், கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். யோகா எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். டொக்டர் சொன்ன பதிலைச் "சீனி போடாமல் சொல்லுங்கள்" என்று எனக்குக் கட்டளை. சொன்னேன்: "கூப்பிட்டா புள்ள கதவத் தொறக்கும். புள்ளைங்க எல்லாம் அப்பிடித்தான் செய்யும். உள்ள வந்தவங்க செஞ்சது அவங்க செஞ்சது." அந்தப் பக்கத்தில் அவள் அழத் தொடங்கினாள். சத்தம் போட்டு அழுதாள். டொக்டர் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். மொழிபெயர்க்க எதுவும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை எனக்குக் குற்றப்பத்திரம் வந்தது. மேலதிகாரியின் கட்டளையை மீறியது, ஆஸ்பத்திரி லைனைத் துஷ்பிரயோகம் செய்தது. வியாழக்கிழமை கிளினிக் மறு அறிவித்தல் வரை நிறுத்தம். மறு அறிவித்தல் நான் ஓய்வு பெறும் வரை வரவில்லை. எங்களிடம் இருந்த பிள்ளைகளின் கிளினிக் கார்டுகளையும் கனகரத்தினம் எடுத்துப் பூட்டிவிட்டார். பெயர் விலாசம் எல்லாம் அதில்தான்.

அடுத்த வியாழன் வந்தது. நிறுத்தியது தாய்மாருக்கு எப்படித் தெரியும்? வழக்கம்போல வந்து வெளியே மர வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யோகாவோடு ஏழு பிள்ளைகள். நான் போர்டில் இருந்தேன். இரண்டு மணிக்கு அறையின் விளக்கு எரிந்தது. மணி அடிக்காமலே யாரோ தூக்கியிருக்கிறார்கள்.

"மிஸி, நான் யோகா. டொக்டரம்மாவுக்குக் குடுங்க."

குற்றப்பத்திரம் என் முன்னால் மேசையில் கிடந்தது. கொடுத்தேன். அரை மணித்தியாலம் அவள் பேசினாள், முழுக்கத் தமிழில், நான் நடுவில் இருந்து டொக்டருக்குச் சொன்னேன். அதை ரெஜிஸ்டரில் என் கையாலேயே எழுதினேன், விஷயம் என்ற இடத்தில் 'பிள்ளை பேசியது' என்று. அதற்கு எனக்குக் கிடைத்த தண்டனை இடமாற்றம். அது பரவாயில்லை. டொக்டர் மாலினி பிறகு யோகாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, செக் பொயின்டில் காட்டச் சொல்லி, இரண்டு வருடம் கண்டிக்கு வரவழைத்து வைத்தியம் பார்த்தார். அண்ணனையும் ஒரு நாள் விட்டார்கள். யோகாவுக்கு இப்போது கல்யாணமாகி ஒரு பிள்ளை இருக்கிறது.

நான் அன்றைக்கு அவளுக்காகப் போர்டைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த அரை மணித்தியாலத்தில், கனகரத்தினம் வாங்குக்குப் போய் மற்ற ஆறு தாய்மாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் வெளியே வந்தபோது வாங்கு வெறுமையாக இருந்தது. ஒருத்தி ரிவர்ஸ்டன் பக்கத்திலிருந்து வந்தவள் என்று ஞாபகம். அவளுடைய பையன் ஏழு வயதிலும் கதைக்க மாட்டான். ஒன்று நாவுலப் பிள்ளை, தண்ணீரைக் கண்டால் கத்தும். மற்ற நாலு பேரின் முகமும் எனக்கு நினைவில்லை. ஆறு பேரில் ஒருவருக்கும் பிறகு யாரும் டொக்டருக்குப் போன் எடுத்துக் கொடுக்கவில்லை. உயிரோடு இருக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.